ஃபாரின் ப்ளேயர் நம்ம டீமுக்கு ஒத்துவருவாரா? கோவை ஃபேன்ஸ் சண்டைக்கு அடியில இருக்கற கணக்கு

ஃபுட்பால் டீமுங்க புது ஆளுங்கள எடுக்கற ட்ரான்ஸ்ஃபர் விண்டோ தொறந்தா போதும், நம்மூரு பேக்கரிகள்ல ஒரு சண்டை நிச்சயம். யாரோ ஒருத்தர் புது ஜெர்சிய புடிச்சுட்டு நிக்கற போட்டோ வரும், பேரு வாயில நுழையாது, எந்த நாட்டுக்காரர்னு ஃபோன்ல தேடிப் பாத்துட்டு ஒருத்தர் "இவன் வந்துட்டா கப்பு நமக்குத்தானுங்ணா"ம்பாரு, பக்கத்துல தேங்காய் பன் தின்னுட்டு இருக்கறவரு "முப்பத்திமூணு வயசுடா தம்பி, அங்க யாரும் கூப்புடலீன்னுதான் இங்க வர்றான், அந்தக் காசுல நம்ம பசங்க நாலு பேர எடுத்திருக்கலாம்"பாரு. டீ ஆறிப் போகும், சண்டை ஆறாது.

கொங்குப் பக்கம் இது இன்னும் சிக்கல். நமக்குன்னு ஐஎஸ்எல்ல, அதாவது இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பால்ல, டீம் கெடையாது. சென்னை 500 கிலோமீட்டர், கொச்சி 200க்கும் கீழ. அதனால பாதிப் பேரு சென்னையின் எஃப்சி ஆளுங்க, பாதிப் பேரு பாலக்காட்டு வழியா ரயிலேறி கொச்சி கலூர் ஸ்டேடியத்துல மஞ்சச் சட்டையோட உக்காந்திருக்கற கேரளா ப்ளாஸ்டர்ஸ் ஆளுங்க. ரெண்டு பக்கமும் ஒரே கேள்வியத்தான் கேக்கறாங்க, ஆனா ஆளாளுக்கு வேற வேற அர்த்தத்துல கேக்கறாங்க. "ஒத்துவருமா"ன்னா கோல் அடிப்பாரான்னு கேக்கறமா, நம்ம பசங்க எடத்த அடைச்சுக்குவாரான்னு கேக்கறமா, இல்ல அடுத்த வருசமும் இருப்பாரான்னு கேக்கறமா? இத மொதல்ல பிரிச்சுக்கணும். அதுக்கு ரூல்ஸ்ல இருந்து வரலாம்.

மொதல்ல ரூல்ஸ்

1. கோட்டா. ஒரு டீம் எத்தன வெளிநாட்டுக்காரங்கள எடுக்கலாம், ஒரே நேரத்துல எத்தன பேர கிரவுண்டுல எறக்கலாம், இந்த ரெண்டும் தனித்தனி நம்பர். ஐஎஸ்எல் 2014ல ஆரம்பிச்சப்ப 11 பேர்ல 6 பேரு வெளிநாட்டுக்காரங்களா இருக்கலாம், இந்தியர் 5 பேரு இருந்தாப் போதும். 2017-18ல அது 5 ஆச்சு. 2021-22ல 4 ஆக்குனாங்க, அந்த நாலுலயும் ஒருத்தர் ஆசிய நாட்டுக்காரரா இருக்கணும்னு வெச்சாங்க. அதத்தான் 3+1னு சொல்றது. அந்த வருசம் டீம்ல மொத்தமா 6 வெளிநாட்டுக்காரங்க வரைக்கும் வெச்சுக்கலாம். அப்ப ரெண்டு பேரு எப்பவும் வெளிய உக்காரணும்.

2. விண்டோ. வருசத்துக்கு ரெண்டு தடவதான் ப்ளேயர்கள பதிவு பண்ற காலம். வேற நாட்டு ஃபெடரேசன்ல இருந்து வர்றவருக்கு ஐடிசின்னு ஒரு சர்டிஃபிகேட் வரணும், அது வராம எறக்க முடியாது. விசா வேற இருக்குது. "சைன் பண்ணி மூணு வாரமாச்சு, இன்னும் ஆடல"ன்னு திட்டறதுக்கு முன்னாடி இத யோசிக்கலாம்.

3. சேலரி கேப். ஒரு க்ளப் ப்ளேயர்களுக்குன்னு மொத்தமா இவ்வளவுதான் சம்பளம் குடுக்கலாம்னு ஒரு வரம்பு. ஒருத்தருக்கு அள்ளிக் குடுத்தா இன்னொருத்தருக்குக் கிள்ளித்தான் குடுக்கணும்.

4. மார்க்கி ப்ளேயர். கூட்டம் சேக்கறதுக்காகப் பெரிய பேரு. 2014ல டெல் பியரோ டெல்லிக்கு, பிரெஸ் கோவாவுக்கு, எலானோ சென்னைக்குன்னு வந்தாங்களே, அவங்கதான். எலானோ அந்த சீசன்ல 8 கோல் அடிச்சு, அதிக கோல் போட்டவருக்குக் குடுக்கற கோல்டன் பூட் வாங்குனாரு. மத்தவங்க பல பேரு பேருக்குத்தான் ஆடுனாங்க. "ரிட்டயர்டு ஆளுங்களோட லீக்"ங்கற பேச்சு அப்ப ஒட்டுனது, இன்னும் போகல. ஆனா இப்ப வர்றவங்கள்ல நெறையப் பேரு அந்த ரகம் கெடையாது, உங்களுக்கும் எனக்கும் பேரு தெரியாத, நல்லா ஆடற வயசுல இருக்கற ஆளுங்க.

காசு கணக்கு தலகீழாத்தான் இருக்குது

"அந்தக் காசுல நாலு இந்தியர எடுக்கலாம்"ங்கறது கேக்க ஞாயமா இருக்குது. ஆனா மார்க்கெட் அப்படி இல்லீங்க. கோட்டான்னால ஒவ்வொரு டீமும் கிரவுண்டுல 7 இந்தியர எறக்கியே ஆகணும். நல்ல இந்திய ப்ளேயருங்க எண்ணிக்கை கம்மி, கேக்கற டீமுங்க 13, 14. சந்தைக்கு வரத்துக் கம்மியானா தக்காளி வெல என்ன ஆகும்? அதேதான். வெளிநாட்டு ப்ளேயருக்கு அந்த நெருக்கடி இல்ல, ஸ்பெயின்லயும் பிரேசில்லயும் கீழ் டிவிசன்கள்ல ஆயிரக்கணக்குல ஆளுங்க இருக்காங்க, ஒருத்தர் மாட்டேன்னா அடுத்தவரு. தேடறதுக்குத் தெரிஞ்ச ஆளு க்ளப்புல இருந்தா, பேரு பெத்த ஒரு இந்திய மிட்ஃபீல்டருக்குக் குடுக்கறதுக்கும் கொறைவாவே அவரவிட நல்ல ஆட்டக்காரர் கெடைக்க வாய்ப்பிருக்குது. இது நம்ம டீம் மேனேஜ்மெண்ட் கஞ்சத்தனம் இல்ல, கோட்டா வெச்சாலே வர்ற வெளைவு.

எந்த எடத்துக்கு எடுக்கறாங்க

என்னயக் கேட்டா இதுதான் உண்மையான பிரச்சன, ஆனா பேக்கரியில இத யாரும் பேசறதில்ல.

டீமுக்கு நட்டெலும்புன்னு ஒண்ணு உண்டு. சென்டர் பேக், நடு மிட்ஃபீல்டர், ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாடி ஆடற நம்பர் 10, ஸ்ட்ரைக்கர், இந்த நேர்கோடு. 4 வெளிநாட்டுக்காரங்கதான் எறக்கலாம்னா எந்தக் கோச்சும் அவங்கள இந்தக் கோட்டுலதான் வெப்பாரு. மேட்ச் அங்கதான் முடிவாகுது, தோத்தா அவரு வேலை போகும். இந்தியப் பசங்களுக்கு ஓரமா இருக்கற விங்கு, ஃபுல் பேக்கு எடங்களும், கோலி எடமும் மிஞ்சும்.

வெளைவு என்ன? ஐஎஸ்எல் கோல்டன் பூட் லிஸ்ட்ட எடுத்துப் பாருங்க. 2014 எலானோ. 2015 மெண்டோசா, நம்ம சென்னையின்காரரு, 13 கோல். அப்புறம் மார்செலினோ, கோரோ ரெண்டு தடவ, வால்ஸ்கிஸ், அங்குலோ, ஒக்பெச்சே, டியகோ மௌரிசியோ, டியமன்டகோஸ். 2024-25ல நார்த்ஈஸ்ட்டுக்கு ஆடுன மொராக்கோக்காரர் அஜராய் 23 கோல். 11 சீசன், ஒரு இந்தியர் கெடையாது. அதே 2024-25ல இந்தியர்கள்ல அதிக கோல் யாருன்னா சுனில் சேத்ரி, 14. அவருக்கு அப்ப வயசு 40. ரிட்டயர்மெண்ட்டு சொல்லிட்டுப் போன மனுசன 2025 மார்ச்சுல மறுபடி இந்திய டீமுக்குக் கூப்பிட்டாங்க, ஏன்னா ஆள் இல்ல. அப்படியும் 2027 ஆசியக் கோப்பைக்கு நாம தகுதி பெறல.

இதப் பாத்ததும் "அப்ப ஃபாரின் ஸ்ட்ரைக்கர்கள நிறுத்திடுங்க"ன்னு தோணும். சித்த நில்லுங்க. 6 பேரா இருந்தத 4 பேராக் கொறச்சுப் பாத்தாச்சு, ஸ்ட்ரைக்கர் வந்தாங்களா? வரல. கொறச்சப்ப க்ளப்புங்க வெட்டுனது ஓரத்துல இருந்த வெளிநாட்டுக்காரர, ஸ்ட்ரைக்கர இல்ல. நம்பர கொறைக்கறதுனால மட்டும் நம்ம பையனுக்கு ஒம்பதாம் நம்பர், அதாவது ஸ்ட்ரைக்கர் எடம் கெடைக்காது. கீழ, 13 வயசுலயும் 15 வயசுலயும் வருசத்துக்குப் பத்து மேட்ச் ஆடறதே பெருசுங்கற நெலமைல ஸ்ட்ரைக்கர் எப்படிங்க உருவாவான்?

கோவையிலயே நடந்த பரீட்சை

வெளியூரு உதாரணம் எதுக்கு, நம்ம நேரு ஸ்டேடியத்துலயே இது நடந்துருக்குது. சென்னை சிட்டி எஃப்சின்னு பேரு, ஆனா 2017-18ல இருந்து ஆடுனது கோயமுத்தூர்ல. அந்த சீசன்ல ஐ-லீக்குங்கற இன்னொரு இந்திய லீக்ல 10 டீம்ல 8வது. அடுத்த சீசனுக்கு சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச்சா வந்தாரு, கூடவே ஸ்பெயின்ல இருந்து ஒரு கூட்டத்தயே கொண்டாந்தாங்க. பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ, டிஃபென்ஸ்ல எஸ்லாவா. ஸ்பெயின்ல பெரிய டீமுக்கு ஆடுன யாரும் இல்ல, எல்லாரும் கீழ் டிவிசன். போட்டோ வந்தப்ப நம்மாளுங்களே "யாருடா இவங்கல்லாம்"னு கேட்டாங்க.

2019 மார்ச் 9, கடைசி மேட்ச். மினர்வா பஞ்சாப் கோவைக்கு வந்துருக்குது. அந்தப் பக்கம் கோழிக்கோட்டுல கோகுலம் கேரளாவோட ஈஸ்ட் பெங்கால் ஆடுது, அவங்க ஜெயிச்சு நாம ஜெயிக்கலீன்னா கப்பு கொல்கத்தாவுக்கு. ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே மினர்வா ஒரு கோல் போட்டுட்டாங்க. ஹாஃப் டைம் வரைக்கும் அப்படியே. கேலரில ஒரு காதுல ஃபோன வெச்சு கோழிக்கோட்டு ஸ்கோர் கேட்டுட்டு, கண்ணு மட்டும் இங்க. செகண்ட் ஹாஃப்ல பெனால்டி, மான்சி போட்டாரு, 1-1. அதுக்கப்புறம் போட்ட ரெண்டு கோலும் யாருதுன்னு நெனைக்கறீங்க? கௌரவ் போரா. இந்தியர், டிஃபென்ஸ்ல ஆடறவரு. 3-1. அங்க ஈஸ்ட் பெங்காலும் ஜெயிச்சாங்க, ஆனா நம்ம 43க்கு அவங்க 42. ஒரே ஒரு பாயிண்ட்டுல கப்பு கோவையில நின்னுச்சு.

மான்சி அந்த சீசன்ல 21 கோல். ஆனா நான் இந்தக் கதையில பாக்கறது வேற. ஸ்பெயின்ல இருந்து வந்தவங்க தனித்தனியா வரல. பந்த தரையிலயே வெச்சு சின்னச் சின்ன பாஸா ஆடற ஒரு ஸ்டைல கோச்சு முடிவு பண்ணிட்டு, அதுக்குத் தகுந்த ஆளுங்களத் தேடிப் புடிச்சுருக்காங்க. கூட ஆடுன நம்ம பசங்க, எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் இவங்கல்லாம் அந்த ஆட்டத்துக்குள்ள வளந்தாங்க. வான்ஸ்பால் அங்கிருந்து சென்னையினுக்கும், ஜேசுராஜ் கோவாவுக்கும் போனாங்க. நல்ல வெளிநாட்டு மிட்ஃபீல்டர் ஒருத்தர் பக்கத்துல இருந்தா நம்ம ஃபுல் பேக்குக்கு பந்து சரியான நேரத்துல சரியான எடத்துல வரும், அப்பத்தான் அவன் ஓட்டத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கும். இது எடத்த அடைச்சுக்கறது இல்லீங்க, தொழில் கத்துக் குடுக்கறது.

இன்னொரு பக்கமும் சொல்லணும். அப்ப ஐ-லீக் ஜெயிச்சாலும் ஐஎஸ்எல்லுக்குப் போக வழி கெடையாது, அந்தக் கதவு 2022-23 சாம்பியனுக்குத்தான் மொதல்ல தொறந்துச்சு, பஞ்சாப் போனாங்க. 2019 பிப்ரவரில சுவிட்சர்லாந்து எஃப்சி பாசல் சென்னை சிட்டில 26 சதவீதப் பங்கு வாங்குனப்ப நம்ம ஊரே ஏதோ பெருசா வரப்போகுதுன்னு நெனச்சுது. 2020 ஜனவரில மான்சி ஜப்பானுக்குப் போயிட்டாரு, நெஸ்டர் அதுக்கு முன்னாடியே ஹைதராபாத் எஃப்சிக்கு. 2021-22 ஐ-லீக்ல சென்னை சிட்டி பேரே இல்ல. கப்பு வாங்கி மூணு வருசத்துக்குள்ள. ஸ்பெயின்ல இருந்து அவங்க வந்ததுனால க்ளப் அழிஞ்சுதுன்னு சொன்னா அது பொய். அவங்க போனா அடுத்து யாருங்கறதுக்கு கீழ ஒரு படி கட்டி வெக்கலங்கறதுதான் நான் பாக்கற கொற.

நெட்டையா, குட்டையா

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வெச்சுருக்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும். குட்டை ரகம் மூணு நாலு வருசத்துல பாளை விடும், நெட்டைக்கு ஆறேழு வருசம் ஆகும். ஆனா தண்ணி கொறஞ்ச வருசத்துல தாக்குப் புடிக்கறது நெட்டை, அறுபது வருசம் காய்க்கறதும் அதுதான். விவரமான ஆளு குட்டை காய்க்கற காசுலயே நெட்டைக்குத் தண்ணி வுடுவாரு. வெளிநாட்டு ப்ளேயர் குட்டை ரகம், இந்த வருசமே காய் வேணும்னா அவருதான். அகாடமிப் பசங்க நெட்டை. க்ளப் எந்தப் பக்கம் காசு போடுதுன்னு பாத்தா அதோட மனசு தெரிஞ்சுரும்.

அதே ஆளு, வேற டீம்

ஒத்துவர்றதுங்கறது ப்ளேயர்கிட்ட மட்டும் இருக்கற குணம் இல்லைங்கறதுக்கு ரெண்டு உதாரணம்.

ஒண்ணு, வால்ஸ்கிஸ். லித்துவேனியாக்காரரு. 2019-20ல சென்னையின் மோசமா ஆரம்பிச்சாங்க, நடுவுல ஓவன் கோய்ல்ங்கறவரு கோச்சா வந்ததும் டீமே மாறிச்சு, ஃபைனல் வரைக்கும் போனாங்க. வால்ஸ்கிஸ் 15 கோல், கோல்டன் பூட். பின்னாடி இருந்து பந்து குடுத்தது பிரேசில்காரர் கிரிவெல்லாரோ. அடுத்த சீசன் ஓவன் கோய்லும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூர் போயிட்டாங்க, கிரிவெல்லாரோவுக்கு சீசன் நடுவுல காயம். சென்னையின் 8வது எடம். மூணு பேர நம்பி நின்ன டீமு, மூணு பேரும் இல்லாதப்ப நிக்க முடியல.

ரெண்டு, டியமன்டகோஸ். 2023-24ல ப்ளாஸ்டர்ஸுக்கு 13 கோல். கான்ட்ராக்ட் முடிஞ்சு 2024ல ஈஸ்ட் பெங்கால் எடுத்தாங்க. அதே மனுசன், அதே காலு, ஆனா ப்ளாஸ்டர்ஸ் மிட்ஃபீல்டர் லூனா மாதிரி பின்னாடி இருந்து நூல் கோக்கற ஆளு அங்க வேற, ஓட்டம் வேற. அந்தளவுக்குக் கோல் வரல. நம்மூரு ப்ளாஸ்டர்ஸ் ஆளுங்க "போகட்டும் வுடு"ன்னாங்க, ஆனா அதுல கத்துக்கற பாடம் அவங்களுக்கும் இருக்குது. அடுத்து யாரயாவது எடுக்கறப்ப கோல் எண்ணிக்கைய மட்டும் பாக்கக் கூடாது, அந்தக் கோலுக்குப் பந்து குடுத்தது யாருன்னு பாக்கணும்.

அதனால புது சைனிங் நியூஸ் வந்தா கேக்க வேண்டியது:

1. எந்த எடத்துக்கு வர்றாரு? அந்த எடத்துல ஏற்கனவே நல்லா ஆடற நம்ம பையன் இருக்கானா? இருந்து அவன பெஞ்சுல வெக்கறதுக்குன்னா எனக்கு அது புடிக்காது.

2. யாரு கூப்புட்டது? கோச்சு கேட்டு வாங்குனாரா, ஏஜென்ட்டு வீடியோ அனுப்பி மேனேஜ்மெண்ட்டு எடுத்ததா? ரெண்டாவதுன்னா பல நேரம் ஜனவரிலயே மூட்டையக் கட்டுவாரு.

3. போன ரெண்டு வருசம் எத்தன நிமிசம் ஆடியிருக்காரு? வயசவிட இது முக்கியம். 34 வயசுல வாரா வாரம் முழு மேட்ச் ஆடறவரு பரவால்ல, 27 வயசுல முட்டிக் காயத்தோட வர்றவரு ஆபத்து, ஏன்னா 6 எடத்துல ஒரு எடம் போயிரும், விண்டோ தொறக்கற வரைக்கும் சட்டுனு மாத்தவும் முடியாது.

4. கான்ட்ராக்ட் எவ்வளவு காலம்? ஒரு வருசம்னா வாடகை வூடு மாதிரி, யாரும் செவுத்துல ஆணி அடிக்க மாட்டாங்க.

5. ஈரம். ஐரோப்பால கோடையில கூட வராத புழுக்கம் கொச்சியிலயும் சென்னையிலயும் ராத்திரி ஏழரைக்கு இருக்கும். மொத ஒரு மாசம் மூச்சு வாங்கறத வெச்சு தீர்ப்பு சொல்லக்கூடாது.

உள்ளூரு ஆளுங்களே போதும்னா?

அப்படியும் நடந்துருக்குது. 1967ல ஐரோப்பிய கப்பு ஜெயிச்ச செல்டிக் டீம்ல எல்லாரும் கிளாஸ்கோவுக்கு 30 மைல் சுத்துல பொறந்தவங்க. ஸ்பெயின்ல அத்லெடிக் பில்பாவோ இன்னிக்கும் பாஸ்க் மண்ணுல பொறந்தவங்க, இல்லீன்னா அங்க ஆடப் பழகுனவங்கள மட்டுந்தான் எடுக்கறாங்க. நெம்ப அழகான விசயம். ஆனா பில்பாவோ அத ஒரு அகாடமி மேல கட்டி வெச்சுருக்காங்க, கோட்டா மேல இல்ல. மறுகோடியில செல்சி, 1999 டிசம்பர் 26ல சவுதாம்ப்டன் கூட எறக்குன 11 பேர்ல ஒரு இங்கிலாந்துக்காரர் கூட இல்ல. 1995ல வந்த போஸ்மன் தீர்ப்பு அந்தக் கதவத் தொறந்து வுட்டுச்சு, ஐரோப்பிய யூனியன் நாட்டு ப்ளேயர்கள எண்ணிக்கை வெச்சுத் தடுக்கக் கூடாதுன்னு.

நம்ம பக்கத்துலயே எட்டுன தூரத்துல ஒண்ணு இருக்குது. வாளையார் தாண்டி மலப்புரம் வரைக்கும் டீமுக்கு ஏழு பேரு ஆடற செவன்ஸ் மேட்ச், ஒவ்வொரு டீமும் ஆப்பிரிக்கப் பசங்கள எறக்கும். நம்ம பசங்களும் போயி ஆடிட்டு வர்றாங்க. ஆறடி உசர டிஃபென்டர் மேல மோதி எந்திரிச்சவனுக்கு அப்புறம் நம்ம டிஸ்ட்ரிக்ட் லீக் டிஃபென்டர் பயமே இருக்காது. அது எந்தப் பயிற்சிலயும் வராது.

இதுல இன்னொண்ணு வந்து சேந்துருக்குது. ஆசிய சாம்பியன்ஸ் லீக்ல 2024-25ல இருந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு எண்ணிக்கை வரம்பே இல்ல. சவுதி, ஈரான் டீமுங்க அவங்க இஷ்டத்துக்கு எறக்கறாங்க, நாம உள்ளூரு லீக்ல 4 பேரோட பழகிட்டு அங்க போயி நிக்கறம். கோட்டாவ ஏத்துங்கன்னு க்ளப்புங்க கேட்டா அதுல ஞாயம் இருக்குது, இந்திய டீமுக்காகக் கொறைங்கன்னு கேட்டா அதுலயும் ஞாயம் இருக்குது. நடுவுல மூணாவதா ஒரு வழியும் ஓடுது, பெங்களூரு எஃப்சி ரயன் வில்லியம்ஸ் 2025 நவம்பர்ல ஆஸ்திரேலியக் குடியுரிமைய வுட்டுட்டு இந்திய பாஸ்போர்ட் வாங்குனாரு. ரெட்டைக் குடியுரிமைக்கு நம்ம சட்டத்துல எடமில்லாததால அந்த வழியில வர்றவங்க விரல் வுட்டு எண்ற அளவுதான்.

எனக்கு எந்தப் பக்கம்னு கேட்டா, நாலு பேரும் இருக்கட்டும், ஆனா ஒவ்வொரு டீமும் 21 வயசுக்குக் கீழ ஒரு இந்திய ஸ்ட்ரைக்கருக்கு சீசனுக்கு இத்தன நிமிசம்னு குடுத்தே ஆகணும், குடுக்கலீன்னா பாயிண்ட் கழிக்கணும். வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரும் அவனும் ஒண்ணா ப்ராக்டீஸ் பண்ணணும், ஒரே பாக்ஸுக்குள்ள ஓடணும். நேரு ஸ்டேடியத்துல சாயங்காலம் ஓடிட்டு இருக்கற பசங்கள்ல எவனோ ஒருத்தன் மான்சி பெனால்டி போட்டப்ப அப்பன் தோள் மேல உக்காந்து பாத்துருப்பான், இப்ப அவனுக்குப் பதிமூணு பதினாலு வயசு இருக்கும், ஒம்பதாம் நம்பர் கேட்டுட்டு நிப்பான்.